கைத்தொலைபேசி வழிப் பணம்: கென்யா நாடு தரும் படிப்பினை

சம்பள நாள் வந்ததும், ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்பத் தபால் நிலையத்தில் வரிசை பிடித்து நின்ற தலைமுறையைத் தோட்டப்புற மக்கள் நன்கறிவர். கடல் கடந்து தமிழகம் சென்ற அந்த மணியார்டர் பல நாள் கழித்தே உரியவர் கையைச் சேர்ந்தது. சேர்ந்த செய்தி கடிதமாகத் திரும்பி வர மேலும் பல நாட்கள் ஆயின. உழைப்பவர் ஓரிடத்திலும், அவ்வுழைப்பை நம்பி வாழ்பவர் வேறிடத்திலும் இருக்கையில், இடையே பணம் பத்திரமாகச் செல்வது எங்ஙனம்? இது மிகப் பழைய சிக்கலாகும்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டு மக்கள் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். அதற்கு விலையுயர்ந்த திறன்பேசி தேவையில்லை. இணைய வசதியும் தேவையில்லை. பொத்தான்கள் உள்ள சாதாரணக் கைத்தொலைபேசியே போதும். அம்முறை எவ்வாறு இயங்குகிறது, அதனால் விளைந்த நன்மை யாது, அதில் மறைந்துள்ள ஆபத்து யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தோன்றிய வரலாறு

கென்யாவில் நகரத்திற்குப் பிழைக்க வந்த தொழிலாளர் பலர், தம் குடும்பத்திற்கான பணத்தைப் பேருந்து ஓட்டுநரிடமோ, ஊருக்குச் செல்லும் நண்பரிடமோ கொடுத்தனுப்புவது வழக்கம். வழியில் பணம் காணாமற் போவதும் உண்டு. கிராமங்களில் வங்கிக் கிளைகள் மிகக் குறைவு.

2005ஆம் ஆண்டில் தலைநகர் நைரோபியிலும், அதனை அடுத்த தீக்கா நகரிலும் சிறு சோதனை ஒன்று தொடங்கப்பட்டது. சிறுகடன் பெற்றோர் தவணைத் தொகையைக் கைத்தொலைபேசி வழி செலுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால், மக்களோ அதனை வேறு வகையிலும் பயன்படுத்தினர். உறவினருக்குப் பணம் அனுப்பினர். பயணம் புறப்படுமுன் பணத்தைச் செலுத்திவிட்டு, போய்ச் சேர்ந்த ஊரில் திரும்பப் பெற்றனர். மக்களின் உண்மையான தேவை இதுவே என்பதை உணர்ந்த சஃபாரிகாம் நிறுவனம், 2007ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'எம்-பேசா' என்னும் சேவையை நாடு முழுமைக்கும் தொடங்கியது. 'பேசா' என்பது சுவாகிலி மொழியில் பணத்தைக் குறிக்கும் சொல். நாம் அறிந்த 'பைசா' என்னும் சொல்லே கடல் வணிகத்தின் வழி அங்குச் சென்று அவ்வாறு வழங்கலாயிற்று.

இயங்கும் முறை

முன்கட்டணக் கைத்தொலைபேசியில் எஞ்சியுள்ள தொகையை அறிய, நட்சத்திரக் குறியையும் சில எண்களையும் அழுத்துகிறோம் அன்றோ? உடனே திரையில் விடை தோன்றுகிறது. அதற்கு இணையம் தேவைப்படவில்லை. நாம் அழுத்திய எண்கள் அருகிலுள்ள கோபுரத்தின் வழி நிறுவனத்தின் கணினிக்குச் சென்று, விடையுடன் திரும்புகின்றன. கைத்தொலைபேசி வழிப் பணமும் இத்தகைய எளிய வழிகளிலேயே செல்கிறது.

நகரில் பணி புரியும் ஒருவர் ஊரிலுள்ள தம் தாயாருக்குப் பணம் அனுப்புவதாகக் கொள்வோம். அவர் முதலில் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். பின்னர் முகவரிடம் ரொக்கத்தைக் கொடுக்கிறார். முகவர் என்பவர் பெரும்பாலும் மளிகைக் கடைக்காரரே. அவர் தம் கணக்கிலிருந்து அதே தொகையை வாடிக்கையாளரின் கணக்கிற்கு மாற்றுகிறார். இருவருக்கும் குறுஞ்செய்தி வருகிறது.

அடுத்து அவர், தாயாரின் தொலைபேசி எண், தொகை, தமது இரகசிய எண் ஆகிய மூன்றையும் அழுத்துகிறார். சில நொடிகளில் தாயாருக்குச் செய்தி சேர்கிறது. அவர் தம் ஊர் முகவரிடம் சென்று, அடையாள அட்டையைக் காட்டி, தம் இரகசிய எண்ணைத் தாமே அழுத்தி, ரொக்கத்தைப் பெற்றுக்கொள்கிறார். இதற்கு ஒரு சிறு கட்டணம் உண்டு.

பணம் எங்கே இருக்கிறது?

கைத்தொலைபேசிக்குள் பணம் இருப்பதில்லை. நாம் கொட்டும் பாலைக் கிராணி நிறுத்துப் புத்தகத்தில் பதிகிறார். பால் கொட்டகையில் இருக்கிறது, நம் பெயருக்கு நேரே அளவு மட்டும் இருக்கிறது. அதுபோலவே, மக்கள் செலுத்திய ரொக்கத்திற்கு ஈடான தொகை வங்கியில் பொறுப்பாட்சிக் கணக்கொன்றில் வைக்கப்படுகிறது. அந்நிறுவனம் அதனைத் தன் செலவுக்கு எடுத்தல் ஆகாது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு உரியது என்பது கணினியில் பதிவாகி நிற்கிறது. ஆகவே, கைத்தொலைபேசி தொலைந்தாலும் பணம் தொலைவதில்லை. ஆனால், இரகசிய எண் பிறர் கைக்குச் சென்றால், பணமும் அவர் கைக்குச் சென்றதாகவே பொருள்.

விளைந்த நன்மை

நோய், வேலையிழப்பு, பயிர் அழிவு ஆகியவை சொல்லிக்கொண்டு வருவதில்லை. அவ்வேளையில் குடும்பம் சோற்றுச் செலவைக் குறைக்க நேர்கிறது. தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் இதனை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் முடிவினை வெளியிட்டனர். இத்தகைய துன்பம் நேர்ந்தபோது, இச்சேவையைப் பயன்படுத்தாத குடும்பங்களின் நுகர்வு சராசரியாக நூற்றுக்கு 7 பங்கு குறைந்தது. பயன்படுத்திய குடும்பங்களில் அவ்வாறு குறையவில்லை. உற்றார் உறவினர் அனுப்பிய சிறு சிறு உதவி உரிய நேரத்தில் வந்து சேர்ந்ததே காரணம்.

2016ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, ஏறத்தாழ 194,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டன. பெண்கள் தலைமை தாங்கிய குடும்பங்களே மிகுதியும் பயன் பெற்றன. தம் பெயரில் தமக்கென ஒரு கணக்கு இருப்பது பெண்களுக்கு எத்துணைத் துணிவைத் தரும் என்பதற்கு இதுவே சான்று.

கடன் என்னும் கண்ணி

எனினும், ஒளி உள்ள இடத்தில் நிழலும் உண்டு. 2012ஆம் ஆண்டில் கைத்தொலைபேசி வழியே கடன் வழங்கும் சேவையும் அங்குத் தொடங்கியது. 30 நாட் கடனுக்கு நூற்றுக்கு 7.5 வீதம் கட்டணம் வாங்கப்பட்டது. 1,000 ஷில்லிங்குக்கு 75 என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். மாதந்தோறும் அவ்வாறே கடன் வாங்கிக் கட்டி வந்தால், ஓராண்டில் கட்டணம் மட்டும் 900 ஆகிவிடும். பிற நிறுவனங்களும் போட்டியிட்டுக் கடன் கொடுக்கவே, திருப்பிக் கட்ட இயலாமல் பெயர் கெட்டவர் பலராயினர். கடையில் 555 புத்தகத்தில் ஏறும் கடனைக் கடைக்காரர் முகம் பார்த்து வாங்குகிறோம். கூச்சம் நம்மைத் தடுக்கும். பொத்தானை அழுத்திப் பெறும் கடனுக்கு அத்தடை இல்லை.

மூவகை எண்முறைப் பணம்

'எண்முறைப் பணம்' என்னும் பெயரில் இன்று மூன்று வெவ்வேறு பொருள்கள் வழங்குகின்றன. இவற்றைப் பிரித்தறிதல் மிக இன்றியமையாதது.

முதலாவது, மேலே கண்ட கைத்தொலைபேசிப் பணம். நாட்டின் நாணயமே அதற்கு ஈடாக வங்கியில் உள்ளது.

இரண்டாவது, மத்திய வங்கியே வெளியிடும் எண்முறை நாணயம். நைஜீரியா நாடு 2021ஆம் ஆண்டு அக்டோபரில் 'இ-நைரா'வை வெளியிட்டு, பின்னர்ச் சாதாரணக் கைத்தொலைபேசியிலும் பயன்படுத்த வழி செய்தது. எனினும், எந்த ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டாலும், நூற்றுக்கு 98க்கும் மேற்பட்ட கணக்குகள் பயன்படுத்தப்படாமலே கிடந்தன எனப் பன்னாட்டு நாணய நிதியம் 2023ஆம் ஆண்டில் தெரிவித்தது. கருவி இருந்தால் மட்டும் போதாது. மக்களின் நம்பிக்கையும், அருகில் ஒரு முகவரும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

மூன்றாவது, 'பிட்காயின்' போன்ற தனியார் மறைகுறி நாணயம். இதனையும் சாதாரணக் கைத்தொலைபேசி வழி அனுப்பும் சேவை 2022ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் தோன்றியது. ஆனால், இதன் மதிப்பு நிலையானதன்று. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 அமெரிக்க டாலராக இருந்த ஒரு பிட்காயின், ஓராண்டு கழித்து 17,000க்கும் கீழே இறங்கியது. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கென வைத்த காசை இதில் இடுவது தகாது.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

நம் நாட்டிலும் வங்கிக் கணக்கும் மின்பணப்பையும் தோட்டங்களை எட்டியுள்ளன. கென்யா மக்களின் அனுபவம் நமக்கும் பொருந்தும்.

1. இரகசிய எண்ணை எவரிடமும் கூறாதீர். அதிகாரி என்று சொல்லிக் கேட்டாலும், உறவினராயினும் கூறாதீர்.

2. அனுப்புமுன் பெறுபவரின் பெயரையும் எண்ணையும் இருமுறை சரிபார்ப்பீர்.

3. பணம் வந்ததாகச் செய்தி வந்தால், நும் கணக்கைத் தனியே பார்த்து உறுதி செய்வீர். பொய்ச் செய்தி அனுப்பிப் 'பணம் தவறி வந்துவிட்டது, திருப்பி அனுப்புக' என ஏமாற்றுவோர் உளர்.

4. கடனுக்கான கட்டணத்தை ஓராண்டுக்குக் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்வீர்.

5. ஏமாந்துவிட்டதாக அறிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர். உடனே நும் வங்கிக்கும், 997 என்னும் எண்ணில் தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்திற்கும் தெரிவிப்பீர். காலந்தாழ்த்தினால் பணம் கைமாறிப் போய்விடும்.

எழுத்தறியாத முதியோர் நம் லயங்களில் இன்னும் உளர். அவர்கள் தம் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு இருப்பதையும் காண்கிறோம். படித்த இளைஞர்கள் அவர்களுக்காகத் தாமே பொத்தானை அழுத்துவதைவிட, அழுத்தும் முறையைப் பொறுமையுடன் கற்றுத் தருவதே சிறந்த உதவியாகும். வியர்வை சிந்தி ஈட்டிய பணம் எங்கே இருக்கிறது, எவ்வாறு செல்கிறது என்பதை ஈட்டியவரே அறிந்திருத்தல் வேண்டும்.