கணக்கில்லாத பொருளியலா?

கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பி.ஏ. பொருளியலில் கணக்கு கிடையாதுதானே?" பொருளியலைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், உண்டு என்றே சொல்லி வருகிறேன்.

நுண்பொருளியல், பேரியல் பொருளியல், பணமும் வங்கியியலும், பொதுநிதி, பன்னாட்டுப் பொருளியல், இந்தியப் பொருளாதாரம் ஆகியவை இப்பட்டத்தின் முதன்மைப் பாடங்கள். இவற்றுடன் புள்ளியியலும் பொருளியலுக்கான கணித முறைகளும் இடம்பெறுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட்டுகளும், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட்டுகளும் தேவை.

மேல்நிலை வகுப்பில் கணிதம் படிக்காதவர்களுக்கும் தமிழகக் கல்லூரிகள் இப்பட்டத்தில் இடமளிக்கின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் திறந்திருக்கும் இந்தக் கதவு மூடப்படக் கூடாது. ஆனால், அடுத்த கதவு கணிதத்தால் பூட்டப்பட்டிருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகம் பொருளியல் ஆனர்ஸ் சேர்க்கைக்கே கணிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத முதுநிலைப் பட்டம் வேண்டும். அத்தேர்விலும் புள்ளியியல் உண்டு. சூத்திரங்களை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெறுபவர் அங்கே திகைத்து நிற்பார்.

இதற்கான பயிற்சிக்களம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பால் கொள்முதல் விலை உயரும்போது பால்கோவா விலையையும் உயர்த்தினால் விற்பனை எவ்வளவு குறையும் என்பது, 'தேவை நெகிழ்ச்சி' பற்றிய கேள்வி. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்கான தேவை மருத்துவமனைகளின் தேவையிலிருந்து பிறக்கிறது. நூல் விலை ஏறினால் அதன் சுமை நெசவாளர் மீது விழுகிறதா, வாங்குபவர் மீது விழுகிறதா? 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட ஊரில் இக்கேள்விக்குப் பாடநூலில் மட்டும் விடை தேட வேண்டியதில்லை.

ஐம்பது கடைகளிலும் தறிக்கூடங்களிலும் தரவு திரட்டிச் சராசரியும் ஒட்டுறவும் கணக்கிடும் மாணவருக்குப் புள்ளியியல் கைவசப்படும். இதற்கு இரண்டு மாற்றங்கள் போதும். முதல் பருவத்திலேயே கணித இணைப்பு வகுப்பு நடத்தப்பட வேண்டும். இறுதிப் பருவத்தில் பெயரளவுக்கு முடிக்கப்படும் ஆய்வுத் திட்டம், புள்ளியியல் பாடத்தை அடுத்து, இரண்டாம் ஆண்டிலேயே களஆய்வாக நடைபெற வேண்டும்.

பெற்றோரும் தம் கேள்வியை மாற்றிக்கொள்ளலாம்: "கணக்கு தெரியாமல் வரும் பிள்ளைக்கு இந்தக் கல்லூரி அதை எப்படிக் கற்றுத்தரும்?"