முந்திரியை அலகாகக் கொள்ளல்: கீழ்வாய் இலக்கமும் கணினிக் கணக்கீடும்

முன்னுரை

எண்சுவடி என்பது திண்ணைப் பள்ளி மாணவர் மனனம் செய்த வாய்பாட்டு நூலாகும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு இம்மரபை ஆராய்ந்து 2022இல் நூலாக வெளியிட்டுள்ளார். அதன் பின்னக் குறியீடுகளுக்கு 2019இல் வெளிவந்த யூனிகோட் 12.0 இடமளித்தது. எனினும், குறியீடு வடிவத்தையே காக்கும்; மதிப்பைக் காப்பது நிரலரின் பொறுப்பாகும்.

இருமப் பதிவின் இடர்

கணினியின் மிதவைப் புள்ளி எண்முறை, பகுதி இரண்டின் அடுக்காக அமையும் பின்னங்களையே பிசகின்றிப் பதியும். கால் (1/4), மாகாணி (1/16) ஆகியன அத்தகையன. மாவின் (1/20) பகுதியில் ஐந்து என்னும் காரணி இருப்பதால் அது தோராயமாகவே பதிவாகும். பைத்தான் மொழியில் 0.05, 0.1 ஆகியவற்றைக் கூட்டினால் 0.15000000000000002 என விடை வரும், அதனை 0.15 உடன் ஒப்பிட்டால் சமமன்று எனக் கணினி கூறும். ஆகவே, ஏடெழுதியோர் பிழைகளைக் கண்டறிய இவ்வாறு நிரல் எழுதும் பதிப்பாசிரியருக்கு, ‘மாவும் இருமாவும் மும்மா’ என்னும் சரியான கணக்கும் பிழையாகவே தோன்றும்.

மரபு தரும் தீர்வு

முந்திரி என்பது 1/320. 320 = 64 × 5 ஆதலின், முந்திரி முதல் முக்கால் வரையான கீழ்வாய் இலக்கங்கள் முந்திரியின் முழு மடங்குகளாகும். காணி 4, மா 16, மாகாணி 20, இருமா 32, அரைக்கால் 40, மும்மா 48, கால் 80, அரை 160, முக்கால் 240 முந்திரிகள். இம்முழு எண்களையே சேமித்தால் 16 + 32 = 48 என விடை துல்லியமாக அமையும். பெருக்கலுக்கு முந்திரி போதாது. மாவை மாவால் பெருக்க 1/400 வரும். முந்திரியில் முந்திரியாகிய கீழ்முந்திரியை (1/102400) அலகாகக் கொண்டால் அது 256 என்னும் முழு எண்ணாகும்.

எல்லை

பகுதியில் மூன்று வருமிடத்து இம்முறை பயன்படாது. இசையில் பஞ்சமத்தின் விகிதம் 3/2. அது 480 முந்திரி. சுத்த மத்திமத்தின் விகிதமாகிய 4/3 முந்திரியில் அடங்காது. ஆண்டுத் தொகுதி, பகுதி ஆகியவற்றை இரு முழு எண்களாகச் சேமிக்கவேண்டும். பைத்தானின் பின்ன வகை அவ்வாறே இயங்குகின்றது.

முடிவுரை

எண்சுவடியின் மின்பதிப்புகளில் மதிப்புகளை முந்திரி எண்ணிக்கையாகவோ தொகுதி–பகுதி இணையாகவோ பதிதல் வேண்டும். தசம வடிவம் வாசகருக்குக் காட்டுதற்கு மட்டுமே உரியது.