கூடை சாய்ந்தாலும் குதிக்காதீர்கள்

துருக்கியின் கப்படோக்கியாவில் வெப்பக்காற்று பலூனில் ஏறப் போகிறவர்களை இருட்டோடு எழுப்பிக் கூட்டிப்போவது சூரியோதயம் காட்ட மட்டும் அல்ல. இரவில் குளிர்ந்த தரையை ஒட்டிக் கனத்த காற்று படிந்து கிடக்கும். மேலே வேகமாக வீசும் காற்றை அது கீழே வரவிடாது. வெயில் ஏறித் தரை சூடானால் அந்த அடுக்கு கலைந்துவிடும். மேல்காற்று தரைவரை இறங்கி, விட்டுவிட்டு வீசத் தொடங்கும். அதற்குள் பலூன் இறங்கியாக வேண்டும்.

பலூனுக்குச் சுக்கானும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. தரையருகே காற்று மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வீசினால் பலூனும் அநேகமாக அதே வேகத்தில்தான் தரையைத் தொடும். காற்றுக்கு எடை ஏது என்று நினைக்கிறோம். ஆனால் 3,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள பலூனில் அடைபட்ட சூடான காற்றே ஏறத்தாழ இரண்டரை டன் இருக்கும். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும்.

ஆகவே விமானி தேடுவது நீளமான வெற்று நிலம். இழுபட்டு நிற்க இடம் வேண்டும். காற்று வரும் பக்கம் மரவரிசை இருந்தால் நல்லது, அதன் மறைவில் வேகம் சற்றுத் தணியும். தாழ்வாக வந்து, பர்னரை நிறுத்தி, எரிவாயு வால்வுகளை மூடி, சிவப்புக் கயிற்றை முழுமூச்சாக இழுப்பார். உச்சி திறந்து சூடான காற்று வெளியேறும். அரைகுறையாக இழுத்தால் மிச்சமிருக்கும் துணி கப்பல் பாய்போல் காற்றைப் பிடித்துக் கூடையை இழுத்துக்கொண்டே போகும்.

காற்று கூடும்போது மின்கம்பியைக் கண்டு விலகக் கிடைக்கும் நேரமும் சுருங்கும். 2012 ஜனவரி 7 அன்று நியூசிலாந்தின் கார்ட்டர்டனில் ஒரு பலூன் மின்கம்பியில் சிக்கித் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். கம்பியைத் தாண்டி மேலேற விமானி முயன்றிருந்தார். மோதல் தவிர்க்க முடியாது என்றானதும் காற்றை வெளியேற்றி வேகமாகக் கீழே இறக்கியிருக்க வேண்டும் என்றது விசாரணை. மேலேறத் துடிப்பது மனித இயல்பு. அதனால்தான் இந்தப் பாடத்தைப் பயிற்சியிலேயே கைக்குப் பழக்க வேண்டும்.

பயணிகளின் வேலை எளிது, ஆனால் உயிர் காப்பது. கேமராவை உள்ளே வைத்துவிட்டு, பலூன் போகும் திசைக்கு முதுகு காட்டி, முழங்காலை மடக்கி, கூடையின் உட்புறக் கயிற்றுப் பிடியை இறுகப் பிடிக்க வேண்டும். கூடை சாயும், இழுபடும். கை வெளியே நீளக் கூடாது. ஒருவர் பதறிக் குதித்தால் அவருடைய எடை நீங்கி பலூன் மற்றவர்களோடு மீண்டும் மேலே கிளம்பக்கூடும். குதித்தவர் கூடைக்கு அடியில் அகப்படவும் கூடும். துணி சுருங்கித் தரையில் படிந்து, விமானி சொன்ன பிறகே ஒவ்வொருவராக வெளியே வர வேண்டும்.