மோட்டார் சைக்கிளில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஒருவகையில் 'மாற்றம் செய்யப்பட்டவை'தான். நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அன்று அது கெட்டித்தனம். இன்று ஏ9 வீதியில் பொலிஸார் மறிக்கும்போது கேட்பது வேறு.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இன்றும் அடிப்படை. இளைஞர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரைச்சலான சைலன்சராலும் கண்ணைக் கூசவைக்கும் விளக்காலும்தான். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் பஸ்கள், முச்சக்கரவண்டிகளின் மேலதிக அலங்காரங்களைக் கழற்ற பொலிஸார் இறங்கியபோது சாரதிகள் எதிர்த்தார்கள். கால அவகாசமும் கொடுக்கப்பட்டது. சைலன்சரைக் கழற்றி மாற்ற ஒரு மணித்தியாலம் போதும். அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

சிக்கலானது இலக்கங்கள். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம் எல்லாம் உண்டு. எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்தவேண்டும். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோய்க் கைவிட்ட மோட்டார் சைக்கிள்கள் வெயிலிலும் மழையிலும் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தன. புத்தகம் தொலைந்த வண்டிகள், ஒன்றின் எஞ்சினை இன்னொன்றின் செசியில் பூட்டிய வண்டிகள் இங்கே அரிதல்ல. தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் ஓடும்வரை பிரச்சினை தெரியாது. விற்கும்போதும் விபத்துக்குப் பின் காப்புறுதி கேட்கும்போதும்தான் இலக்கம் பொருந்தாதது வெளியே வரும். பழைய வண்டி வாங்குபவர்கள் விலை பேசமுன் செசி இலக்கத்தைத் துடைத்துப் பாருங்கள்.

தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். முகத்தை முழுதாக மூடும் தலைக்கவசத்தை 2015இல் பொலிஸார் தடைசெய்ய முயன்றார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

காலை இழந்தவர்கள் ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் பூட்டுவதையும் சொல்லவேண்டும். இது அலங்காரமல்ல, அவர்களின் உழைப்பே அதில்தான். ஆனாலும் வண்டியின் அமைப்பே மாறுவதால், கராஜுக்குப் போகமுன் மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டிப் பதிவுக்கும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் என்ன தேவை என்று எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. திணைக்களத்தின் தலைமையகம் இருப்பது நாரஹேன்பிட்டியில். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அதிகம். ஊன்றுகோலோடு ஒருவரை அவ்வளவு தூரம் அலையவிடாமல், பரிசோதனையையும் திருத்தத்தையும் மாவட்டத்திலேயே முடித்துக்கொடுக்க நடமாடும் சேவைகளில் ஒரு மேசை ஒதுக்கினாலே போதும்.