கர்ப்பிணியின் துயரமும் சிசுவின் மூளையும்

பனிப்புயலில் கண்ட உண்மை

1998-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் கனடா தேசத்துக் க்யூபெக் மாகாணத்தில் உறைமழை நாட்கணக்கில் பெய்து, பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மின்கம்பிகள் அறுந்து விழ, ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் கடுங்குளிரில் மின்சாரமின்றித் தவித்தார்கள். அச்சமயம் கர்ப்பவதிகளாயிருந்த பெண்களில் ஒரு பகுதியினரை, மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் கிங் என்ற அம்மையாரும் சகாக்களும் அணுகி, ஒவ்வொருவரும் மின்சாரமின்றிக் கழித்த நாட்கள், வீடு மாறிய அலைச்சல், வருமான நஷ்டம் ஆகியவற்றைக் கணக்கெடுத்து, பின்னர் பிறந்த குழந்தைகளின் வளர்ச்சியையும் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். ஐந்தரை வயதில் சோதித்தபோது, மிகுந்த அவதிக்குள்ளான தாய்மாரின் பிள்ளைகள் அறிவுத்திறனிலும் சொல்வளத்திலும் சராசரியில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். தாய் எவ்வளவு மனம் கலங்கினாள் என்பதைவிட, அவள் மெய்யாகவே அனுபவித்த கஷ்டமே இந்த வித்தியாசத்தோடு நெருங்கிய சம்பந்தமுடையதாகக் காணப்பட்டது.

கருப்பையில் நிகழ்வது

துன்பம் நேர்கையில் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. சிசுவின் நுரையீரல் முதிர்வதற்கு இதுவும் அவசியமே. அளவு மிஞ்சினால்தான் விபரீதம். அதனால் நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி, வாயிற்காவலனைப்போல் நின்று, தாயின் கார்டிசாலில் பெரும்பகுதியைச் செயலற்றதாக மாற்றிவிடுகிறது. ஆனால் நீடித்த துன்பம் இந்நொதியின் வீரியத்தைக் குறைத்துவிடக்கூடும் என்பதை எலிகளிடம் நடந்த பரிசோதனைகள் காட்டுகின்றன. காவல் தளர்ந்தால், சிசுவின் மூளையில் ஞாபகசக்திக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸும் அச்ச உணர்ச்சிக்கு இருப்பிடமான அமிக்டலாவும் உருவாகும் பருவத்திலேயே பாதிக்கப்படலாம்.

அஞ்ச வேண்டியதில்லை

அன்றாடம் வந்துபோகும் சிறு கவலைகளால் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்துவிடுமோ என்று எந்தத் தாயும் கலங்க வேண்டியதில்லை. ஆராய்ச்சியில் கண்டது சராசரி வித்தியாசமேயன்றித் தனியொரு குழந்தையின் தலைவிதி அன்று. பிறந்தபின் கிடைக்கும் அன்பும், ஓயாத பேச்சும், விளையாட்டும் மூளையின் வளர்ச்சிக்குப் பேருதவி செய்கின்றன. தாய்க்குக் கிடைக்கும் ஆதரவும் அப்படியே: ஆஸ்திரேலியாவின் க்வீன்ஸ்லாந்தில் 2011-இல் வெள்ளம் வந்தபோது, தொடக்கமுதல் பிரசவம்வரை பழகிய மருத்துவச்சியின் பராமரிப்பைப் பெற்ற கர்ப்பிணிகள், அதே வெள்ளத்தில் அவதிப்பட்டிருந்தும், பிரசவத்துக்குப் பின் மற்றவர்களைப்போல் மனச்சோர்வுக்கு அவ்வளவாக ஆளாகவில்லை.

குடும்பத்தின் கடமை

ஆகவே, கர்ப்பிணியிடம் "கவலைப்படாதே" என்று உபதேசிப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அவள் தூக்கும் தண்ணீர்க்குடத்தைக் கணவன் வாங்கிக்கொள்ளட்டும்; கடன் தொல்லையும் வீட்டுச் சச்சரவும் அவளை வாட்டாமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உறக்கமின்மையும் அழுகையும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால், தாமதியாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே உட்கொண்டுவரும் மருந்தை அவர் ஆலோசனையின்றி நிறுத்தாதீர்கள். கர்ப்பிணியின் சுமையைக் குறைப்பது அவளுக்குக் காட்டும் சலுகையன்று. பிறக்கப்போகும் குழந்தைக்கு வீட்டார் அனைவரும் செலுத்தவேண்டிய முதற்கடன்.