இமாலய வரையாடும் நியூஸிலாந்தின் சிகரமும்

நியூஸிலாந்தின் தென்தீவில் தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர் முதுகெலும்புபோல் நீண்டு செல்கிறது. அதன் நடுவே அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான அவோராக்கி அமைந்துள்ளது. குக் மலை என்றும் அதனை அழைப்பர். 1991 டிசம்பரில் உச்சிப் பாறை சரிந்து விழுந்தமையால் சிகரம் தாழ்ந்தது. இப்பொழுது அதன் உயரம் 3,724 மீட்டர். சுற்றியுள்ள மலைப்பகுதி 1953-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. நமது இமயத்துக்குரிய விலங்கொன்று இப்பூங்காவிற்குத் தீராத சிக்கலாக இருந்து வருகிறது.

நியூஸிலாந்தில் இயற்கையாக வாழ்ந்த நிலப் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. மோவா என்னும் பெரும்பறவைகள் முற்காலத்தில் இலைகளைக் கொய்து தின்றன. ஆயினும் குளம்புடைய விலங்கு ஒன்றேனும் அங்கு இருந்ததில்லை. இச்சூழலிலேயே அம்மலைத் தாவரங்கள் தோன்றி வளர்ந்தன. அவற்றுள் புகழ்பெற்றது குக் மலை லில்லி. பெயர் லில்லியாயினும், உண்மையில் அது பட்டர்கப் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்தில் உலகிலேயே பெரியது. தட்டுப்போன்ற இலைகளும் வெண்ணிற மலர்களும் உடையது.

1904-இல் பெட்போர்டு கோமகன் அன்பளிப்பாக அளித்த இமாலய வரையாடுகள் சில இம்மலையடியில் விடப்பட்டன. வேட்டை விளையாட்டிற்கு உதவும் என்பதே நோக்கம். குளிர்ந்த செங்குத்தான பாறைகள் அவற்றிற்குப் பழகிய இடமாயின. ஆனால், இமயத்தில் அவற்றை வேட்டையாடும் பனிச்சிறுத்தை அங்கு இல்லை. மந்தைகள் பெருகின. தூர்கட்டி வளரும் உயர்ந்த புற்களையும் லில்லிச் செடிகளையும் அவை மேய்ந்து மிதித்தன. மெதுவாக வளரும் அப்புற்கள் அழிந்த இடத்தில் மண் வெளிப்பட்டு அரிக்கப்படுகிறது.

1970-களில் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுப் பெருந்தொகையான ஆடுகளைக் குறைத்தனர். வேட்டை தணிந்ததும் அவை மீண்டும் பெருகின. 1993-இல் வகுக்கப்பட்ட திட்டம், அவை பரவியுள்ள பகுதி முழுவதிலும் 10,000-க்கு மேற்படலாகாது என வரம்பிட்டது. தேசியப் பூங்காக்களில் வந்தேறிய விலங்குகளை இயன்றவரை அறவே நீக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். வேட்டைக்காரர்களோ அவை நிலைத்திருத்தல் வேண்டும் என்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடையிலான வழக்கு இன்னும் ஓயவில்லை.

இதே விலங்கை இந்தியாவில் நாம் சட்டத்தால் பாதுகாக்கிறோம். இதில் முரண்பாடு ஏதும் இல்லை என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்கலாம். விலங்கின் இயல்பு மாறவில்லை. அது வாழும் இடமும், அங்குள்ள பகை விலங்கும், மேய்ச்சலுக்குப் பழகிய தாவரமும் மாறின. களப்பணியாளர்கள் வேற்றிடத்து உயிரினம் எதையும் புதிதாகப் புகுத்துமுன் இம்மூன்றையும் ஆராய்தல் இன்றியமையாதது. ஒருசில ஆடுகளை விடுவது எளிதாயிருந்தது. நூறாண்டு கடந்தும் அவற்றை நீக்குவது கைகூடவில்லை.