இரண்டு கிராம் ஏலக்காயும் 635 கிராம் தண்ணீரும்

ஒரு கிலோ ஐஸ்கிரீம் கலவைக்கு இரண்டு கிராம் ஏலக்காய் போதும். நல்ல பருத்த காயாக இருந்தால் ஏழெட்டு. ஏலக்காய் ஏலத்துக்கே பேர்போன போடிநாயக்கனூரில் கிலோ 2,500 ரூபாய் என்று கணக்கு வைத்தாலும் அந்த இரண்டு கிராமின் விலை ஐந்து ரூபாய்தான். 2018 கேரள வெள்ளம் ஏலக்காய் மலைத்தோட்டங்களைப் புரட்டிப்போட்டது. மறு ஆண்டு மழையும் தள்ளிப்போனது. 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில், மலைக்கு அந்தப் பக்கம் உள்ள புத்தடி ஏலத்தில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. ஊரே வாயைப் பிளந்த அந்த நாளிலும் நம் கலவைக்கு ஏலக்காய்ச் செலவு 14 ரூபாயைத் தாண்டியிருக்காது.

வீட்டில் விதவிதமான சுவைகளில் ஐஸ்கிரீம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் பயப்படுவது அந்தச் சுவைப்பொருளின் விலைக்குத்தான். கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. பணம் கொழுப்பிலும் குளிரிலும் போகிறது. பாடு முழுவதும் தண்ணீரோடு.

முதலில் பால் கணக்கு. இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதிப்படி வெறுமனே ‘ஐஸ்கிரீம்’ என்று பெயர் போட வேண்டுமானால் பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. தண்ணீர் போக மிஞ்சும் மொத்தத் திடப்பொருள் 36 சதவீதம் இருக்க வேண்டும். வீட்டுக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. ஆனால் நாக்குக்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான் பிடிக்கிறது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6, கொழுப்பல்லாத திடப்பொருள் 9 சதவீதம். 2022 நவம்பரில் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆன பால் அது. அந்த 60-ஐயே இங்கே வைத்துக்கொள்கிறேன். மற்ற விலைகள் கடைக்குக் கடை மாறும்; கணக்கு ஓட வேண்டுமே என்று ஒரு விலை போட்டிருக்கிறேன், உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பால் 750 கிராம், அதாவது முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு: 44 ரூபாய். 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீம் 220 கிராம், கிலோ 250 வீதம்: 55. சீனி 150 கிராம்: 7. பால் பவுடர் 35 கிராம்: 15. எல்லாம் சேர்ந்து 1,155 கிராம். அடுப்பில் வைத்து 155 கிராம் தண்ணீரை ஆவியாக்கினால் சரியாக ஒரு கிலோ. கேஸ் இரண்டு ரூபாய். ஆக 123 ரூபாய்க்குக் கொழுப்பு 100 கிராம், மொத்தத் திடப்பொருள் 364 கிராம், தண்ணீர் 635 கிராம் சொச்சம்.

கிரீம் வாங்காமல் பாலையே சுண்டக் காய்ச்சினால் என்ன? மலிவுதான். 1,667 கிராம் பாலில் 100 கிராம் கொழுப்பு வந்துவிடும். பாலுக்கு 97, சீனிக்கு 7, முக்கால் கிலோவுக்கு மேல் தண்ணீரை விரட்டக் கேஸ் ஐந்தாறு ரூபாய். மொத்தம் 110-ஐத் தாண்டாது, 13 ரூபாய் மிச்சம். ஆனால் கொழுப்போடு சேர்ந்து கொழுப்பல்லாத திடப்பொருளும் 15 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. அதில் பாதிக்கு மேல் பால் சர்க்கரை. குளிரில் அது பொடிப்பொடியாகக் கட்டிக்கொண்டு நாக்கில் மணல் மணலாக உறுத்தும். குல்ஃபியில் இதை மன்னிக்கலாம். மதுரை ஜிகர்தண்டாவில் சுண்டிய பாலின் அந்தக் கனத்துக்காகத்தானே போகிறோம். ஐஸ்கிரீமுக்கு ஒத்துவராது.

இனி குளிர். ஐஸ் கட்டியோடு உப்பைக் கலந்தால் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். நூற்றுக்கு 23 பங்கு உப்பு சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரை இறங்க முடியும் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. வீட்டு வாளியில் மைனஸ் 10, 15 கிடைத்தாலே நல்ல வாளி. அமெரிக்காவில் நான்சி ஜான்சன் கைப்பிடி சுழற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை வாங்கியது 1843-இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் மெட்ராஸில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அன்றைக்குச் சென்னைக்கு ஐஸே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு.

நம் ஒரு கிலோ கலவையை மைனஸ் 5 டிகிரிக்கு இறக்கி, அதிலுள்ள தண்ணீரில் பாதியை உறைய வைக்க வேண்டும். 30 டிகிரியில் தொடங்கினால் சுமார் 53 கிலோ கலோரி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரியை உறிஞ்சும். ஆகவே ஏட்டுக் கணக்கில் 670 கிராம் ஐஸ் போதும். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து 4 டிகிரியில் எடுத்தால் 410 கிராமே போதும். நடைமுறையில் வாளி, காற்று, சுற்றுகிறவர் கைச்சூடு எல்லாம் தின்றதுபோக 4 கிலோ ஐஸ் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு கல்லுப்பு, 1.3 கிலோ. ஐஸ் கிலோ ஆறு ரூபாய், உப்பு 15 என்றால் 44 ரூபாய். முக்கால் லிட்டர் பாலுக்கு ஆன அதே காசு!

மலைமேல் போய்ச் செய்தால் குளிருக்குச் செலவில்லையே என்று தோன்றும். போடியிலிருந்து போடிமெட்டுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் ஆயிரம் மீட்டர் உயரம் கூடும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஏழு டிகிரி என்றே தாராளமாக வைப்போம். கலவை ஏழு டிகிரி குளிர்ந்து தொடங்குவதால் மிச்சமாகும் ஐஸ் 70 கிராம், காசாக 42 பைசா. பஸ் டிக்கெட்டுக்குக் காணாது.

கையால் சுற்றும்போது கலவைக்குள் காற்று புகும். வீட்டு வாளியில் 30 சதவீதம் புகுந்தாலே பெரிது. ஒரு கிலோ கலவை 1.2 லிட்டர் ஐஸ்கிரீம் ஆகும். கடை ஐஸ்கிரீம் ஒரு லிட்டர் 525 கிராம் எடை இருந்தாலே விதிக்குப் போதும். அதனால் கடை டப்பாவோடு லிட்டருக்கு லிட்டர் ஒப்பிடுவது வீட்டுக்காரருக்கு அநியாயம். தராசில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். பால் 123, குளிர் 44, ஏலக்காய் 5: மொத்தம் 172 ரூபாய். 60 மில்லி கப் இருபது. கப்புக்கு 8 ரூபாய் 60 பைசா, அதில் ஏலக்காய் 25 பைசா. 2019 உச்சத்திலேயே 70 பைசாதான்.

அந்த 25 பைசாவையும் குறைக்க வழி உண்டு. போடி கிட்டங்கிகளில் பெண்கள் உட்கார்ந்து காயை நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள், சல்லடை பருமன் பார்க்கிறது. எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருமனும் கிளிப்பச்சை நிறமும் சேர்ந்தால்தான் உயர்ந்த விலை. ஐஸ்கிரீமுக்கு இரண்டும் வேண்டாம். வாய் பிளந்த காய், நிறம் வெளுத்த காய் எல்லாம் வாங்கலாம். ஏலரிசியாக வாங்குவதை மட்டும் நான் சொல்லமாட்டேன். தோல் போனால் வாசனை எண்ணெய் சீக்கிரம் பறந்துவிடும்.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு மட்டும் வாய்க்கிற ஒரு சுவை இருக்கிறது: காயவைக்காத பச்சை ஏலக்காய். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். ஆக இரண்டு கிராமுக்குப் பதில் பத்து கிராம் பச்சைக்காயை நசுக்கிச் சூடான பாலில் அரைமணி நேரம் மூடிவைத்து வடிகட்டினால் போதும். கூடவே வரும் தண்ணீர் எட்டு கிராம், கணக்கில் சேராது. யூகலிப்டஸ் எண்ணெயில் இருக்கும் சினியோல் ஏலக்காயிலும் முக்கியமான பொருள். பச்சைக்காயில் அந்தக் காட்டு வாசனை துலக்கமாகத் தெரியும். பாயசத்து ஏலக்காயை நினைத்து வாயில் வைப்பவர் திடுக்கிடுவார்.

மிளகும் இந்த வரிசைதான். பச்சை மிளகு ஒன்பது கிராம், காய்ந்த கணக்கில் மூன்று கிராம், விலை இரண்டு ரூபாய். காரம் கொழுப்பில் கரைவதால் முதல் வாயில் தெரியாது. குளிர் அடங்கிய பிறகு தொண்டையில் ஏறும். காபி கொஞ்சம் செலவாளி. வறுத்த கொட்டை 40 கிராம், கிலோ 800 என்றால் 32 ரூபாய், ஏலக்காயைப் போல ஆறு மடங்கு. பொடியாகப் போட்டால் சக்கை தன் எடையைப் போல இரு மடங்கு பாலைக் குடித்துக்கொண்டு இன்னும் ஐந்து ரூபாயை விழுங்கும். முழுக்கொட்டையாகவே குளிர்ந்த பாலில் ராத்திரி ஊறவைத்தால் அந்த நட்டம் குறைவு. வெள்ளை வெளேரென்று காபி மணக்கும் ஐஸ்கிரீம் கிடைக்கும், விருந்தாளியை ஏமாற்ற நல்லது.

பழத்துக்கு வந்தால் தண்ணீர்க் கணக்கு மறுபடி தலைதூக்குகிறது. விலக்கு ஒன்றே ஒன்று, மலைச்சரிவில் விளையும் பட்டர் ஃப்ரூட். அதன் சதையில் 15 சதவீதம் கொழுப்பு. 200 கிராம் சதை போட்டால் 30 கிராம் கொழுப்பு வருகிறது. 120 கிராம் கிரீமைக் குறைக்கலாம். பழத்துக்கு 45 ரூபாய் போய், கிரீமில் 30 மிச்சமாகி, கையை விட்டுப் போவது 15. கொதிக்க வைத்தால் கசக்கும், ஆறிய கலவையில்தான் சேர்க்க வேண்டும். ஒரு வேடிக்கை: பால் கொழுப்பு ஏழு சதவீதத்துக்கு இறங்குவதால் இதைக் கடையில் விற்றால் ‘மீடியம் ஃபேட்’ ஐஸ்கிரீம் என்றுதான் எழுத வேண்டும், வழுவழுப்பில் மற்றவற்றைவிட ஒரு படி மேலே இருந்தாலும்.

மாம்பழம் அப்படி இல்லை. தேனிப் பக்கத்து மாம்பழம் அரைக் கிலோ 30 ரூபாய்க்கு வாங்கினால் 300 கிராம் கூழ் தேறும். அதில் 250 கிராம் தண்ணீர்! நம் கலவையில் ஊற்றியதும் திடப்பொருள் 36-லிருந்து 32 சதவீதத்துக்கும், கொழுப்பு எட்டுக்கும் கீழே விழுகிறது. மறுநாள் கரண்டி இறங்காது. கூழை அடுப்பில் சுண்டவைத்தால் தண்ணீரோடு வாசனையும் போய் ஜாம் ருசி வந்துவிடும். எனக்கு ஒப்புகிற வழி வெயில்தான். ஏப்ரல், மே மாதம் கூழைத் தட்டில் மெல்லிசாகத் தடவி, துணி கட்டி மாடியில் காயவைத்தால் 300 கிராம் கூழ் 60 கிராம் தோலாகச் சுருங்கும். அதைத் துண்டுதுண்டாக நறுக்கி, கிரீமில் முதல்நாள் ராத்திரியே ஊறவைத்து மறுநாள் அரைத்துச் சேர்த்தால் கலவைக்குக் கூடும் தண்ணீர் பத்து கிராம்தான். ஏலக்காயை இதில் போடாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிவிடும். ஐந்து ரூபாயும் வீண்.